இறந்தவர் கொடுத்த மனு

அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கக் கடிதம் எழுதியவன் நான். ஓய்வுக்குப் பிறகு கேலிக்கட்டுரைகள் எழுதுகிறேன். நடையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ராஜபாளையத்தில் எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒன்றை வாசித்தேன். வெளிநாட்டுக்குக் கொத்தனார் வேலைக்குப் போய், அங்கே நடக்கும் போரில் குண்டு விழுந்து இறந்த ஒருவர் தன் இறப்புச் சான்றுக்குத் தானே விண்ணப்பிக்கிறார்: 'உடல் கிடைக்காத வகையில் இறந்தமைக்கு வருந்துகிறேன். காணாமற்போனவர் இறந்தவராக ஏற்கப்பட ஏழாண்டு காத்திருக்க வேண்டும் என்பதை அறியாமல் ஒரே நொடியில் இறந்துவிட்டேன். குண்டு போட்டவரிடம் எந்தச் சான்றும் கேட்கப்படவில்லை என அறிகிறேன்.'

எல்லாரும் சிரித்தார்கள். நான் அழைத்திருந்த வன்னியம்பட்டிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கட்டுரையில் இறந்தவர் அவர் கணவர்தான். அவருக்காக நான் எழுதிய ஒழுங்கான மனுக்கள் மூன்றும் 'பிரேதப் பரிசோதனை அறிக்கை இணைக்கப்படவில்லை' என்று திரும்பியிருந்தன.

"அம்புட்டு பேரும் நல்லாச் சிரிச்சாக சார். இதப் படிக்க வேண்டியவுக யாரும் இங்கன இல்லையே?"

"இது கதைம்மா. செத்தவர் மனு குடுக்க முடியாது."

"உசுரோட இருக்கவ குடுத்ததுக்கு என்னத்தக் கிழிச்சாக? குடுத்துப் பாப்போம்."

அப்போதுதான் எங்கள் அலுவலகப் பழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. பதில் எழுதும் எழுத்தர், மனுவின் 'பொருள்' வரியைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார். மீதியைப் படிப்பது அவர் விருப்பம். நான் பெரும்பாலும் விரும்பியதில்லை. கூட்டத்தில் வாசித்ததையே மனுவாக்கி, பொருள் வரியைக் கவனமாக அமைத்தேன். 'இறந்தவருக்காக, மனைவி' என்று அந்தப் பெண் கையெழுத்திட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம்.

பதில் வந்தது. 'பொருள்: வெளிநாட்டுப் போரில் இறந்தவர் இறப்புச் சான்று கோருதல் தொடர்பாக. மனுதாரர் அசல் அடையாள அட்டையுடன் நேரில் ஆஜராக வேண்டும்.'

போனோம். "மனுதாரர் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

அந்தப் பெண் பதில் கடிதத்தை மேசைமேல் வைத்தார். "இறந்தவர்னு நீங்கதான எழுதியிருக்கீக சார். முத்திரையும் ஒங்களுது. இந்த ஒரு சொல்லுக்குத்தான் மூணு வருசமா அலையுதேன்."

அதிகாரி சிரித்தார். பிறகு கோப்பிலிருந்த என் மனுவை எடுத்துப் படித்தார். குண்டு போட்டவர் பற்றிய வரி வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. எழுத்தரைக் கூப்பிட்டு, இறப்பை உறுதிசெய்யும்படி தூதரகத்துக்கு அன்றே கடிதம் அனுப்பச் சொன்னார்.

"நீங்க போங்கம்மா, அனுப்பிருவோம்."

"நகல் கைக்கு வரட்டும் சார். இங்கனயே இருக்கோம்."

மாலையில் நகல் வந்தது. அனுப்பிய எண் இருந்தால்தான் கடிதம் உண்மையில் போனதாக அர்த்தம், அது இருக்கிறதா என்று பார்க்கும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். இல்லை. அவர் அதை எழுத்தரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார்.