அறுபதாயிரம் டொலர் கோல்காப்பாளர்

யாருக்கும் ஒரு சதம்கூடக் கொடுக்காமல் ஆண்டு முழுவதும் சம்பளத் தகராறு தீர்க்கும் உத்தியோகம் ஒன்று உண்டு. அதை நான் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் ஐந்து வருடம் பார்த்தேன். எங்கள் தமிழ்ப் பெடியளின் ஹொக்கி லீக்கில் நான் ஒப்பந்தச் செயலாளர். கோயில், பழைய மாணவர் சங்கம் என்று எதிலாவது செயலாளராக இருந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு நம்பிக்கை வராது.

புள்ளி போட்ட கதை

ஐஸ் மைதான வாடகை கட்டுப்படியாகாது என்பதால் பள்ளிக்கூட மண்டபத்தில், செம்மஞ்சள் பந்தோடு விளையாடினோம். திறமைசாலிகள் எல்லோரும் ஒரே அணியில் சேர்ந்துவிடாதபடி, தொலைக்காட்சியில் வரும் பெரிய லீக்கைப் பார்த்து ஒரு விதி செய்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனைச் சம்பளம். ஓர் அணியின் மொத்தச் சம்பளம் ஐந்து லட்சம் டொலரைத் தாண்டக் கூடாது. பெடியள் இதை ஆங்கிலத்தில் 'கப்' என்றார்கள். நான் தமிழில் 'உச்சவரம்பு' என்று எழுதினேன், ஒருவரும் பின்பற்றவில்லை.

பெற்றோர் இதைப் பரீட்சைப் புள்ளி என்று விளங்கிக்கொண்டார்கள். சம்பளம் கூடக்கூட அணியில் இடம் கிடைப்பது கடினம் என்பது அவர்கள் தலையில் ஏறவில்லை. குலம் அண்ணையின் மகன் சீலனுக்கு இருபத்தேழு வயது, வங்கியில் வேலை, அருமையான கோல்காப்பாளன். அவனுக்கு நாற்பத்தைந்தாயிரம் போட்டிருந்தேன். குலம் அண்ணை வீட்டுக்கே வந்து, அதை அறுபதாயிரம் ஆக்கிய பிறகுதான் தேத்தண்ணியைத் தொட்டார். "பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு அம்பத்தைஞ்சு, என்ர பிள்ளைக்கு நாப்பத்தைஞ்சோ? உவன் கணக்கிலயே பெயில் விட்டவன், தம்பி!"

ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஓர் அழைப்பு

ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் புது வீடு வாங்கியிருந்த ஒருவர் தொலைபேசியில் வந்தார். அவருடைய மகளுக்குச் சீலனைப் பேசியிருக்கிறார்கள். வங்கிச் சம்பளத்தோடு ஹொக்கியிலும் அறுபதாயிரம் என்று குலம் அண்ணை சொல்லிவைத்திருக்கிறார். அதை உறுதிப்படுத்த வேண்டுமாம். அந்தச் சம்பளம் தாளில் மட்டும்தான், கைக்கு வராது என்று விதி எண்களோடு கால் மணி நேரம் விளக்கினேன். மனிதர் ஒன்றை மட்டும் கேட்டார். "அப்ப ரக்ஸும் கட்டத் தேவையில்லை, என்ன?"

குறைக்கச் சம்மதமில்லை

அந்தக் குளிர்காலத்தில் சீலனின் அணித்தலைவன் அருண் வந்தான். இங்கே பிறந்தவன். முன்னணி ஆட்டக்காரர் இருவருக்குச் சம்பளம் உயர்ந்திருந்தது. "அங்கிள், சீரியஸா, நெக்ஸ்ட் சீசன் சீலன் அண்ணா கப்புக்குள்ள ஃபிட் ஆகமாட்டார். நாப்பத்தைஞ்சுக்கு வந்தா ஓகே."

மற்ற ஏழு அணிகளிலும் கோல்காப்பாளர் இருந்தார்கள். அறுபதிலேயே நின்றால் சீலனுக்கு அடுத்த வருடம் ஹொக்கி இல்லை. அவன் என்ன சம்பளத்துக்கும் தயார். ஆனால் வங்கியில் ஊர்ப்பணத்தை நிர்வகிக்கும் அந்த மனிதனுக்கு ஏஜென்ட் அப்பாதான். குலம் அண்ணை கொதித்துப்போனார். "கலியாணம் பேசிற நேரத்தில சம்பளத்தைக் குறைக்கிறதோ? உமக்குப் பிள்ளையள் இல்லையோ?"

காயப்பட்டோர் பட்டியல்

வசந்தத்தில் வன்னிப் போர் முடிவை நெருங்கியது. எங்கள் ஆட்டக்காரர் போரை நிறுத்தச் சொல்லி நகர மையத்து வீதிகளில் பதாகைகளோடு நின்று கோஷமிட்டார்கள். சீலனின் சின்னம்மா குடும்பம் வன்னிக்குள்ளே அகப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் அவன் தினமும் அந்தப் போராட்டத்தில்தான். சனிக்கிழமை ஆட்டங்களுக்கு அணிக்கு நாலு பேர் தேறினால் அதிசயம்.

சும்மா வராமல் இருப்பவரின் சம்பளம் உச்சவரம்புக் கணக்கிலேயே கிடக்கும். காயப்பட்டவருடையதை மட்டும் கழித்துவிட்டுப் பதிலுக்கு ஆள் எடுக்கலாம். ஆகவே வராத அத்தனை பேரையும் காயப்பட்டோர் என்று பதிந்தேன். விதிகளை எழுதியவனே செய்த மோசடி அது. படிவத்தில் 'எந்த உறுப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது; அருணைக் கேட்டேன். "தொண்டை எண்டு போடுங்கோ அங்கிள். ஒருத்தருக்கும் வொய்ஸ் இல்லை."

கடைசி மனு

மே மாதம் எல்லாம் முடிந்தது. சின்னம்மா வீட்டாரைப் பற்றித் தகவல் இல்லை. சீலன் வேலைக்குப் போய்வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டான், சாப்பாடும் உள்ளேதான். ஸ்ரௌவ்வில் பேச்சு தானாக நின்றுபோனது. யூலையில் லீக் கூட்டம். உச்சவரம்பை ஐந்தரை லட்சமாக உயர்த்தும் தீர்மானம் பத்து நிமிடத்தில் நிறைவேறியது. வழக்கமாக அதற்கு மூன்று மணி நேரச் சண்டை தேவைப்படும்.

மறுநாள் குலம் அண்ணை வந்தார். சீலனின் சம்பளத்தை இருபதாயிரமாக மாற்றச் சொன்னார். அதற்குக் கீழே போட விதியில் இடமில்லை. இனிக் குறைக்கத் தேவையில்லை, உச்சவரம்பு உயர்ந்துவிட்டது, அறுபதிலேயே அவனுக்கு இடமுண்டு என்றேன். அவர் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். "இல்லைத் தம்பி, குறைச்சே போடும். கூடப் போட்டா நல்லா விளையாட வேணுமெண்டு யோசிச்சு வராமல் விட்டுடுவான். அவன் வந்து சும்மா நிண்டாலே காணும்."

ஐந்து வருடத்தில் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு தகப்பனிடமிருந்து எனக்கு வந்த மனு அது ஒன்றுதான். அதற்கும் விதிப்படி மூன்று பிரதி கேட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.