ஐந்தாவது கேள்வி

கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாகக் கண் பரிசோதித்து பவர் எழுதிக் கொடுப்பவர் அந்த அம்மா. வருகிறவர்களிடம் அவர் கேட்கும் ஐந்தாவது கேள்வி, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" எல்லோரும் இல்லை என்பார்கள். வாய் கூசாமல் எப்படித்தான் பொய் சொல்கிறார்களோ என்று வீட்டில் கணவரிடம் அலுத்துக்கொள்வார்.

அவரே இரண்டு மாதமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பெல்லாம் பார்வை பளிச்சென்று இருந்தது, எதையும் பார்க்கத்தான் பிடிக்கவில்லை. காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடு. இப்போது எல்லாவற்றையும் பார்க்க ஆசையாக இருக்கிறது, கிட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சோதனை அட்டையை எடுத்துத் தானே படித்துப் பார்த்தார். கடைசி வரிவரை தடங்கலில்லாமல் வந்தது. வராமல் என்ன, பதினோரு வருடமாகப் பார்க்கும் அட்டை, கண்ணை மூடிக்கொண்டாலும் வரும்! கண்ணில் குறையில்லை, போட்டிருக்கும் கண்ணாடியில்தான் என்று முடிவுகட்டி இரண்டு கண்ணாடி மாற்றினார்.

போன வாரம் ஒருவருக்கு 1.75 என்பதை 1.25 என்று எழுதிவிட்டார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, வேற ஆளைத்தாம்மா பாக்கணும்" என்றார் முதலாளி.

கண் மங்கியதே மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் என்று அப்போதுதான் உறைத்தது; அதை நாளையோடு நிறுத்துவது என்று அன்றே தீர்மானித்தார். மனசு எங்கே ஓடிவிடப் போகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை, வாரம் ஒருமுறை கடைக்கு வரும் கண் டாக்டர், முதலாளி சொன்னதன்பேரில் அந்த அம்மாவின் கண்ணில் டார்ச் அடித்தார். "கண்மணி இவ்வளவு விரிஞ்சிருக்கே. மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்ல டாக்டர்." வாய் கூசவில்லை.

டாக்டர் தன் பையிலிருந்து வேறொரு அட்டையை எடுத்து நீட்டினார். இரண்டாவது வரியிலேயே அந்த அம்மா நின்றுவிட்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், நிறுத்தப்போவதையும் சேர்த்து.

"நீங்களா நிறுத்திடாதீங்கம்மா. எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க, அளவைக் குறைப்பார், இல்ல மாத்திரையை மாத்துவார். கண்ணு கெட்டுப்போகல, மாத்திரையாலதான் கிட்டத்துல மங்குது. அதுவரைக்கும் இந்தக் கண்ணாடியைப் போட்டுப் படிங்க" என்று கடையிலிருந்த ஒரு படிக்கும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். டிக்கெட்டில் எழுத்து தெரியவில்லையாம். ஐந்தாவது கேள்வி வந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "காலையில நானும் இப்படித்தான் சொன்னேன்."

கண்டக்டர் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.

தான் தினமும் பிரிக்கும் அதே பட்டை; பெயரைப் படிக்க அந்த அம்மா கண்ணாடியைத் தேடவில்லை.