களை பறித்த யூசுப் மாஸ்டர்

டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோது யூசுப் மாஸ்டரின் மகன் போனில் கூப்பிட்டான். "அத்தா மவுத்தாயிட்டாங்க, அங்கிள்." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். நெஞ்சு வலிக்கிறது என்றவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி முந்தின வாரம்தான் சண்டை போட்டிருந்தேன். "அறுப்பு மெஷின் வந்து போவட்டும்ங்க, பாத்துக்கலாம்" என்றார். மெஷின் முந்தின நாள்தான் வந்து போனதாம்.

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நாங்கள் இருவரும் கொரியத் தற்காப்புக் கலை வகுப்பு நடத்தினோம். குடவாசல் பக்கத்து வயலிலிருந்து நேராக வருவார். வெள்ளை உடுப்பின் கீழ் காலெல்லாம் சேறு. கழுவிவிட்டு வாருங்கள் என்றால், "ஒதைக்கப் போற காலுதானேங்க" என்பார். அவரிடம் படித்த பழைய மாணவர்களான உங்களுக்குத் தெரியும், அந்த மாடியை நாள் தவறாமல் கூட்டித் துடைத்தவரும் அவர்தான் என்று.

எங்கள் கலையைத் தோற்றுவித்த பெரியவரின் கல்லறையைப் பார்க்க ஒருமுறை கொரியா போனோம். மறுநாள் எங்கள் இருவருக்கும் அடுத்த நிலைத் தேர்வு. கல்லறை முன் எல்லோரும் மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினோம். மாஸ்டர் அல்லாவைத் தவிர யாருக்கும் அப்படி வணங்க மாட்டார். சரி, ஓரமாகச் சும்மா நின்றிருக்கலாம் அல்லவா? நிமிர்ந்து பார்க்கிறேன், கல்லறை மேட்டின் மறுபுறம் குந்தி உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருக்கிறார்! அங்கெல்லாம் கல்லறை மேட்டில் புல்லை வேண்டுமென்றே வளர்த்துக் காப்பாற்றுகிறார்கள். இவருக்கு அது தெரியாது. "இவ்ளோ பெரிய மனுஷரு, புல்லு மண்டிக் கெடக்குறாருங்க. விழுந்து கும்பிட முடியாது, இதையாவது செய்யலாம்னு பாத்தேன்" என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

காவலாளி அலறிக்கொண்டு ஓடி வந்தார். அங்கிருந்த மூத்த ஆசான், விழுந்து மன்னிப்புக் கேட்டால்தான் இவருக்குத் தேர்வு என்று சொல்லிவிட்டார். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "ஒரு நிமிஷம் குனிஞ்சு எந்திரிங்க மாஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்." அவர் அசையவில்லை. "பறிச்சது தப்புதான். நானே நட்டுக் குடுத்துர்றேன். நெத்தியை மட்டும் கேக்காதீங்க." சொன்னபடி ஈர மண்ணில் வரிசை பிடித்து, நம்மூர் நடவு போல நட்டார். பார்க்கச் சகிக்கவில்லை. தேர்வில் நான் மட்டும் கலந்துகொண்டு தேறி வந்தேன்.

என்னைவிட நன்றாகக் கற்றுக்கொடுத்தவர் அதன்பின் கடைசிவரை எனக்கு ஒரு நிலை கீழேயே இருந்தார். வகுப்பு தொடங்கும்போது என் முன்னால் விறைப்பாக நின்று, "சீனியர், ஆரம்பிக்கலாமாங்க?" என்பார். சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடக்கத்தன்று பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் மையத்தாங்கொல்லைக்கு வந்திருந்தார்கள். எங்கள் சங்கச் செயலாளரும் வந்தார். குழி மூடப்போகும் நேரத்தில், "ஆசானுக்கு எல்லாரும் விழுந்து கும்பிடுங்க, அதான் நம்ம மொறை" என்றார். மாஸ்டரின் மகன் என் முகத்தைப் பார்த்தான்.

"வேணாங்க. அவருக்குப் பிடிக்காது" என்றேன்.

"அப்ப இந்தப் பசங்க பெல்ட் தேர்வுக்கு என் கையெழுத்துக் கெடையாது."

பெற்றோர்கள் என்னையே பார்த்தார்கள். ஒரு வருஷமாகக் காத்திருக்கும் பிள்ளைகள். ஆனாலும் சொன்னேன்: "யாரும் விழாதீங்கடா. ஆளுக்கு மூணு பிடி மண்ணு போட்டுட்டு நேரா நில்லுங்க." போட்டார்கள், நின்றார்கள். செயலாளர் காரில் ஏறிப் போய்விட்டார்.

செத்தும் என்னை வம்பில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் மனிதர். இன்று காலையிலிருந்து போன் ஓயவில்லை. செயலாளரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்கிறார்கள் பெற்றோர்கள். மாஸ்டரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது, ஆயுசுக்கும் நான் திட்டித் தீர்த்த அந்தப் பிடிவாதம்தான். கூப்பிட்ட எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "அதை மட்டும் கேக்காதீங்க."