பாய்க்கு அடியில் ஒரு சிரட்டைச் சில்லு

பத்து காவான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் உண்டாக்கியதைச் சொல்கிறேன். டத்தோ கிராமாட் பக்கம் வீடு வீடாகப் போய்க் கத்தியால் புல் வெட்டினேன். இன்று என்னிடம் ஆறு இயந்திரம், இரண்டு லோரி, பதினோரு ஆள். ஆயர் ஈத்தாமில் சொந்த வீடு. இந்தப் பினாங்குத் தீவில் மூன்று பள்ளித் திடல்கள் என் கையால் மட்டமானவை. ஒரு கிளப்பின் கிரிக்கெட் திடல் எருமை படுக்கிற சேறாகக் கிடந்தது. இஞ்சினியர்களே முடியாது என்று போனார்கள். நான் வடிகால் வெட்டிப் புல்லைப் பிடிக்க வைத்தேன்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் உண்டு. ஓர் அயர்லாந்துக்காரனின் பந்துவீச்சு. சிரிக்கிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுச் சிரிக்கலாம். எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்தியிருக்கிறாள். விஷயத்தில் கை வைக்க நான் விடவில்லை.

அவன் அந்தக் கிளப்புக்குப் பயிற்சி கொடுக்க ஆறு மாதத்துக்கு வந்தான். இருபத்தாறு வயது, இடக்கையால் சுழல்பந்து போடுகிறவன். வெயிலில் இறால் மாதிரிச் சிவந்துவிடுவான். காலையில் யாரும் வருவதற்கு முன்னால் தனியாக வந்து பந்து போடுவான். நான் ரோலர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் தூக்கம் வராது. ஒரு மனிதன் பந்து எறிந்தே எப்படிப் பிழைக்கிறான்? மழை ஓயாத ஊர் என்கிறார்களே, அங்கே போய் எதற்குக் கிரிக்கெட்? என் ஆங்கிலம் புல், தண்ணீர், லோரி வரைக்கும்தான் போகும். அதனால் கிளப்பு அலுவலகத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்து அக்காவைப் பிடித்தேன். என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் எல்லாருக்கும் அவர் அக்கா. திடலோரக் கடையில் பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டே கேள்விகளைப் போட்டேன்.

"பந்து போட்டே சாப்பிட முடியுமான்னு கேளுங்க அக்கா."

"அண்ணே, மொழிபெயர்க்கிறதுக்கு எனக்குத் தனிச் சம்பளம் இல்ல லா," என்றார். ஆனாலும் கேட்டார்.

அவன் சொன்னது இது. அப்பாவுக்கு மாட்டுப் பண்ணை. மழை நாளில் கொட்டகைக்குள் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பழகியிருக்கிறான். பதினேழு வயதில் இங்கிலாந்தில் கவுண்டி என்கிற மாவட்ட அணி ஒன்று எடுத்துக்கொண்டது. சம்பளம் கோடைக்கு மட்டும். குளிர்காலத்தில் வெயில் உள்ள நாடு தேடிப் போவார்களாம், பறவைகள் மாதிரி. பிறகு பந்தைத் திருப்புகிற ஆட்காட்டி விரலின் நரம்பு அறுந்தது. தைத்தார்கள். விரல் ஆறியது, பந்து திரும்பவில்லை. கவுண்டி அவனை விட்டுவிட்டது.

"இப்ப என்ன செய்யப் போறானாம்?"

அக்கா கேட்டுச் சொன்னார். அவன் ஊர் அணியின் பயிற்சியாளர் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார். மாத முடிவுக்குள் முப்பது பந்து போட்டு வீடியோ அனுப்ப வேண்டும். பந்து திரும்பினால் ஒப்பந்தம். இல்லாவிட்டால் அவனுடைய சொந்த அக்காள் புருஷனின் டிராக்டர் சாமான் கடையில் நிற்க வேண்டியதுதான்.

"டிராக்டர் நல்ல தொழில்தான்," என்றேன். அக்கா அதை மொழிபெயர்க்கவில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது திடலில் ஒரு சத்தம். ரோலரை நிறுத்திவிட்டு ஓடினேன். அவன் குதித்துக்கொண்டிருந்தான். பந்து தரையில் பட்டு எழும்பி, ஒரு முழம் விலகி ஸ்டம்பைத் தட்டியிருக்கிறது.

"அண்ணே! ஃபிங்கர் பேக் லா!" என்று என்னைக் கட்டிப் பிடித்தான். விரல் திரும்பி வந்துவிட்டதாம்.

அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அக்கா போனைப் பிடிக்க, முப்பது பந்தும் படமாகிவிட்டன. சாயங்காலம் அனுப்புவதாக இருந்தான்.

மதியம் மழை கொட்டியது. எங்கள் ஊர் மழைக்கு மண் ஆடுகளம் தாங்காது. சிமெண்டுத் தளத்தின்மேல் கயிற்றுப் பாயை இழுத்து ஆணி அடித்துத்தான் ஆடுவார்கள். மழை விட்டதும் பாயைக் காயப்போடத் தூக்கினேன். சிமெண்டு வெடிப்பில் ஒரு சிரட்டைச் சில்லு சொருகி நின்றது. விரல்கடை நீளம், ஒரு பக்கம் சரிவு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. போன வாரம் புது ரோலர் வந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, திருஷ்டி சுற்றித் தேங்காய் உடைக்க வேண்டும். புல்லில் தேங்காய் உடையாது. அன்று பாய் வெளியே காய்ந்துகொண்டிருந்தது, சிமெண்டு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் ரோட்டில் தேங்காய் உடைத்த கை இது. போட்ட போட்டில் தூளாகிவிட்டது. பெருக்கிவிட்டுத்தான் பாயை விரித்தேன். ஒன்று தப்பியிருக்கிறது.

சில்லைச் சட்டைப் பையில் போட்டேன். வேறு யாரும் பார்க்கவில்லை. வீடியோ போய்விட்டால் அவனுக்கு வேலை. அப்படியே வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் பந்தைத் திருப்பியது விரலா, சிரட்டையா? அது தெரியாமல் என்னால் இருக்க முடியாது. உண்மை பேசுகிற உத்தமன் என்று இந்த இடத்தில் என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் இருவரும் இருந்தார்கள். சில்லை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"பூசை போட்டீங்களா, இல்ல பிட்ச்சைக் கொலை பண்ணீங்களா?" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக அவனிடம் சொன்னார். அவன் சில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "டிராக்டர்," என்று மட்டும் சொன்னான்.

"இருங்க," என்றேன். "இந்தச் சில்லு எத்தனை அகலம்? முப்பது பந்தும் இது மேலயா விழுந்திருக்கும்?"

மூன்று பேரும் திடலுக்கு நடந்தோம். பாயைப் பழையபடி விரித்தேன். மழையில் நனைந்தும் பந்தின் சிவப்புச் சாயம் அதில் அங்கங்கே ஒட்டியிருந்தது. சில்லு இருந்த இடத்தில் என் செருப்பைக் கழற்றி வைத்தேன். செருப்பைச் சுற்றிக் கொஞ்சம்தான் சிவப்பு. மிச்சமெல்லாம் தள்ளித் தள்ளி. பிறகு போனில் ஒவ்வொரு பந்தாக ஓட்டினோம். ஒரு சின்னக் கண்ணாடிக்குமேல் மூன்று தலை. சில்லில் பட்டவை ஐந்து. அவை துள்ளி ஓடின. மற்றவையும் திரும்பியிருந்தன. அத்தனை இல்லை, ஆனால் திரும்பியிருந்தன. கடைசிப் பத்து நன்றாகவே.

அவன் அந்தக் கடைசிப் பத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். பிறகு சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்: "விரல் திரும்ப அறுந்துருமோன்னு ரெண்டு வருஷமா அடக்கித்தான் போட்டானாம். சரியாயிருச்சுன்னு நம்பினதும் முழுசா முறுக்கியிருக்கானாம்."

"அப்ப அனுப்பச் சொல்லுங்க."

அவன் தலையாட்டி மறுத்தான். இதை அனுப்ப மாட்டான், நாளைக்குப் புதிதாக எடுக்க வேண்டும். நாளைதான் கடைசி நாள்.

விடிந்ததும் நான் முட்டி போட்டு இருபத்திரண்டு கெஜத்தையும் உள்ளங்கையால் தடவினேன். சொந்த வீட்டுத் தரையைக்கூட அப்படித் தடவியதில்லை. பாயை இழுத்து ஆணி அடித்தேன். அவன் பந்தோடு நின்றான்.

"அண்ணே, நோ கோக்கனட்?"

"நோ கோக்கனட்."

முதல் பந்து நேராகப் போனது. இரண்டாவதும் அப்படியே. ஆறு பந்து, ஆறும் நேர். அக்கா போனைத் தாழ்த்தினார். அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். என் ஒரு தேங்காய், ஒருவனுடைய பிழைப்பு. பாய்மேல் போய், நேற்றுச் செருப்பு வைத்த இடத்திலிருந்து நாலடி தள்ளிச் செருப்பை வைத்துக் காட்டிவிட்டு எடுத்தேன். நேற்று நன்றாகத் திரும்பிய பந்துகள் விழுந்த இடம் அது. சில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஏழாவது பந்தை அங்கே போட்டான். திரும்பியது. அவன் குதிக்கவில்லை. எட்டாவதுக்கு நடந்தான்.

முப்பதையும் அனுப்பினான், நேராகப் போன ஆறையும் வெட்டாமல். இரண்டு வாரத்தில் ஒப்பந்தம் வந்தது. பிறகு பல வருஷம் ஆடினான். நாட்டு அணியின் பச்சைச் சட்டையும் போட்டான். அதை நான் போனில் பார்த்தேன், புல் எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து. நம் வேலை அளவுக்கு இல்லை.

போன வருஷம் ஓய்வு பெற்றான். அப்போது கொடுத்த பேட்டியை அக்கா கொண்டுவந்து படித்தார். "பினாங்கில்தான் என் விரல் திரும்பி வந்தது" என்கிறான். நல்லது. "அந்த ஊர் வெயிலுக்கு நன்றி" என்று முடிக்கிறான்.

"வெயிலுக்காம் அண்ணே," என்று அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தம்பி, இதை அக்கா ஆங்கிலத்தில் போட்டு உனக்கு அனுப்புவார். நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய பந்து கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதன் பக்கத்தில் அந்தச் சில்லும் இருக்கிறது, சாட்சிக்கு. வெயில் எல்லார் மண்டையிலும்தான் அடித்தது. தேங்காய் உடைத்தது நான். சில்லைக் கண்டெடுத்தது நான். மறைக்க முடிந்தும் கொண்டுவந்து காட்டியது நான். முட்டி தேயத் தளத்தைத் தடவியது நான். புத்தகம் எழுதுகிறாயாம், கேள்விப்பட்டேன். வெயிலை அடித்துவிட்டு அந்த இடத்தில் என்னைப் போடு.