டிராம் வராத அரியலூர் ரோடு

ஷட்டரைத் தூக்கியதும் பாச்சை உருண்டை வாசமும் பவுடர் வாசமும் கலந்து முகத்தில் அடிக்கும். பின்னாலேயே ரோட்டுப் புழுதி உள்ளே வரும்.

காலேஜ் முடித்து நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பேன்ஸி ஸ்டோர் அது. பெரம்பலூரில், அரியலூர் ரோட்டில், பஸ் ஸ்டாப்பை ஒட்டியே இருந்தது. வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊர். தினமும் பஸ்ஸில் வந்து போவேன்.

கடைக்காரர் மும்தாஜ் அக்கா. லெப்பைக்குடிக்காட்டுக்காரர். கணவர் துபாயில். கடை வைத்து நடத்தியதெல்லாம் அக்காதான். வேலைக்கு நாங்கள் எல்லோருமே பெண்கள்.

மத்தியானம் ஆனால் செல்வி அக்கா வருவார். அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பஸ் வரும்வரை எங்கள் கடைக்குள்தான் உட்காருவார். அவருடைய கணவர் அதே ரோட்டில் பைக்கில் போகும்போது சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டு இறந்தவர். வெளியே லாரி ஹாரன் கேட்டால் செல்வி அக்காவின் பேச்சு பாதியில் நின்றுவிடும்... மும்தாஜ் அக்கா டீயை அவர் பக்கம் நகர்த்தி வைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் டிராம் பேச்சு வந்தது.

நகர வளர்ச்சித் திட்டம் என்று ஊரெல்லாம் பேனர். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை ரோட்டோரமாகவே தண்டவாளம் போடப் போகிறார்களாம். ரயிலே இல்லாத ஊருக்கு டிராம்! டீக்கடையில் பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேர் சண்டை போட்டார்கள்.

"துபாய்ல அவங்க தெனமும் இதுலதான் வேலைக்குப் போறாங்க. சத்தமே இருக்காதாம் செல்வி" என்று மும்தாஜ் அக்கா போனில் வீடியோ காட்டினார். செல்வி அக்கா அதைத் திரும்ப ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்தார்.

கொஞ்ச நாளில் அளவெடுக்க வந்தவர்கள், எங்கள் கடைத் தூணில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வரிசையில் எல்லாக் கடைக்கும் அதே குறி.

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். கடைக்காரர்கள் ஒரு பக்கம், தினம் பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு பக்கம். நான் மும்தாஜ் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து மைக்கை வாங்கினார்.

"டிராம் வேணாங்கல சார். எங்களுக்கு மாத்து எடம் எங்கன்னு சொல்லிட்டு இடிங்க. இந்தக் கடைய நம்பி எங்க குடும்பம் மட்டும் இல்லீங்க, இந்தப் புள்ளைங்களும் இருக்குதுங்க."

மேடையில் இருந்தவர் "பார்த்துக்கலாம்மா" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் எதிர்ப் பக்கத்திலிருந்து செல்வி அக்கா எழுந்தார். யூனிஃபார்மில் இருந்தார். மும்தாஜ் அக்காவைப் பார்க்கவே இல்லை.

"எங்க வூட்டுக்காரரு போன ரோட்டுலதான் நான் தெனம் போறேன். ஒவ்வொரு லாரியும் வரப்ப கண்ண மூடிக்கறேன். கடைய இன்னொரு எடத்துல வெச்சுக்கலாங்க. போன உசுர எங்கேந்து கொண்டாரது?"

அதோடு விட்டிருக்கலாம்... பின்னாலிருந்து யாரோ ஒருவன், "உசுர விட கடை பெருசாப் போச்சா இந்தம்மாவுக்கு?" என்று கத்தினான். நாலு பேர் விசில் அடித்தார்கள். செல்வி அக்கா "ஐயோ, நான் அப்படிச் சொல்லலீங்க" என்றது எங்கள் வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை. மும்தாஜ் அக்கா அதற்குள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்து நடந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து செல்வி அக்கா கடைக்குள் வரவில்லை. வெயிலில், பஸ் ஸ்டாப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே நாங்கள் நிழலில். கூப்பிடவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல்...

இடிக்க மெஷின் வந்த அன்று காலையிலிருந்தே சரக்கை அட்டைப் பெட்டிகளில் கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். செல்வி அக்கா ரோட்டைக் கடந்து வந்து, வளையல் பெட்டி ஒன்றைத் தூக்கினார்.

மும்தாஜ் அக்கா அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"வேணாம் சிஸ்டர். ஒங்களுக்கு டூட்டிக்கு நேரமாவுது, கெளம்புங்க."

அத்தனை வருஷமும் செல்வி, செல்வி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். அந்த 'சிஸ்டர்' என்ற ஒரு வார்த்தையில் செல்வி அக்காவின் முகம் போன போக்கை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

கடைகள் போயின. ரோடு அகலமானது. டிராம் வரவில்லை. கட்டுப்படியாகாது என்று கைவிட்டுவிட்டார்களாம். பேனர்களை எப்போது கழற்றினார்கள் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. அகலமான ரோட்டில் லாரிகள் முன்னைவிட வேகமாகப் போகின்றன.

மும்தாஜ் அக்கா வேறு கடை பார்க்கவே இல்லை. ஊரோடு போய்விட்டார். நான் திருப்பூருக்கு வந்துவிட்டேன்.

போன மாசம் ஒரு விசேஷத்துக்காக அரியலூர் பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரத்தில் செல்வி அக்கா! தலை முழுக்க நரைத்திருந்தது. இன்னும் அதே வேலை, அதே ரோடு. ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டு, இறங்கும்போதுதான் கேட்டார்: "அவங்க எப்படி இருக்காங்க? நான் கேட்டேன்னு சொல்லாத."

நான் சொல்லிவிட்டேன். ராத்திரியே மும்தாஜ் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அந்தப் புள்ள இன்னும் பஸ்லதான் போவுதா?"

"ஆமாக்கா."

"யா அல்லாஹ்... கடைதான் போச்சு. அந்த டிராமாச்சும் வந்திருக்கலாம்ல."

அப்போதெல்லாம் அந்த ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள், வெயில் ஏறினால் ஏதாவது ஒரு கடை வாசலில் ஒதுங்குவார்கள். யாராவது குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். இப்போதும் நிற்கிறார்கள்... லாரி வரும்போதெல்லாம் ஷாலால் முகத்தை மூடிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்கிறார்கள். அதற்கும் பின்னால் சாக்கடைதான் இருக்கிறது.