கமராவில் சிவமலர்

பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிய சிவமலரிடம் பதினாலு வருடமாகத் தெரியாத வேகக்குறைவு, புதுச் சூப்பர்வைசரின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வயதானவர்கள் சரிவரமாட்டார்கள் என்று சொல்லியே நிறுத்தினான். அதற்குத்தான் வழக்கு. நட்டஈட்டை அவள் நினைக்கவில்லை. கூட நின்று பெட்டி அடுக்கும் ஜெயராணிக்குப் பக்கத்தில் தன் பழைய இடம் வேண்டும், அவ்வளவுதான்.

வழக்குப் போட்ட பிறகு கொம்பனி பழைய கமராப் பதிவுகளைக் கிளறியது. கந்தசஷ்டி ஆறு நாளும் ஜெயராணி றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய்விட்டுப் பிந்தி வந்திருக்கிறாள். வந்த நேரம் பதியும் மெஷினில் அவளுடைய கார்ட்டையும் சேர்த்து அடித்தது சிவமலர். விரதக்காரிக்கு இதுகூடச் செய்யாமல் இருப்பதா?

"வழக்கு நிக்கும் அன்ரி," என்றான் அவளுடைய வக்கீல் கீதன். "ஆனா அவங்கள் உந்தப் பதிவைக் காட்டினாப் பிறகு, திரும்ப வேலைக்கு எடுங்கோ எண்டு கேக்கேலாது. இது நீங்கள்தானோ?"

திரையில், வலைத்தொப்பி போட்ட ஒருத்தி இரண்டு கார்ட்டையும் அடித்துவிட்டு, உள்ளே யாருக்கோ சிரித்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஓம், நான்தான்."

மறுப்பாள் என்று நினைத்திருந்த கீதன் மடிக்கணினியை மூடப் போனான்.

"மூடாதேங்கோ தம்பி," என்றாள் சிவமலர். "நான் உள்ளுக்குப் போறதை இன்னொருக்கா போடுங்கோ."