பினாங்கு டிராஃப்டும் எட்டாவது கட்டமும்

கன்னியம்மா தகரப் பெட்டியோடும் ஒன்பது வயது மகளோடும் சித்தூர் கிளைக்கு வந்து நின்ற காலையில், அவள் பணம் கர்னூலில் யாரோ ஒருவருடைய மேஜைமேல் இருந்தது. மூன்றாம் நாள் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல். பாங்கில் பணத்தை வாங்கிக்கொண்டு நேரே ரயில் ஏறிவிடலாம் என்று பாலசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். மகளுக்குப் புதுப் பாவாடை தைத்துப் போட்டிருந்தாள். பில்ஸ் செக்ஷனில் இருந்த நான், அவளைக் கண்டதும் லெட்ஜருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

திருப்பதியில் இன்று பாங்கு வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர், "அந்தக் காலத்துல ஃபாரின் பணம் எப்படி சார் வரும்?" என்று கேட்டார்கள். டெலெக்ஸ் தட்டினால் பணம் வந்து விழுவதைப் பார்த்துப் பழகியவர்கள். சுவையான கதை ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

1. டிராஃப்ட் வந்த கதை

கன்னியம்மாவின் புருஷன் முனிரத்தினம் பினாங்கில் துறைமுக வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. பெண்டாட்டி பிள்ளையை அழைத்துக்கொள்ள அந்த ஊர் சர்க்காரிடம் அலைந்து பெர்மிட் வாங்கியிருந்தான். குறிப்பிட்ட தேதிக்குள் அங்கே போய் இறங்கினால்தான் பெர்மிட் செல்லும். அந்தத் தேதிக்குள் போய்ச் சேரும் கப்பல் ஒன்றுதான். இரண்டு பேர் டிக்கெட்டுக்கான பணத்தை மலாயா டாலரில் டிராஃப்டாக எடுத்து, அங்குள்ள பாங்கு கொடுத்த கடிதத்தோடு ரிஜிஸ்டர் தபாலில் அவளுக்கு அனுப்பியிருந்தான்.

கப்பலுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே அதை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்துவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் பக்கம் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை.

வெளிநாட்டு நாணயத்தை வாங்கி ரூபாயாக மாற்றும் அதிகாரம் எங்கள் கிளைக்குக் கிடையாது. டிராஃப்டை மெட்ராஸ் கிளையின் ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் செக்ஷனுக்கு 'கலெக்ஷன்' அனுப்ப வேண்டும். அவர்கள் பணத்தை வசூலித்து, அன்றைய ரேட்டில் ரூபாயாக்கி எங்களுக்கு வரவு அனுப்புவார்கள். அதன் பிறகுதான் பார்ட்டியின் கணக்கில் ஏறும். கூடவே ஒரு படிவமும் போக வேண்டும். அதில் எட்டாவது கட்டம், பணம் எதற்காக வந்திருக்கிறது என்பது.

2. முன்னமே நிரப்பி வைத்த படிவங்கள்

சித்தூர் வட்டாரத்துக்கு மலாயா, பர்மா, சிலோனிலிருந்து வந்த பணமெல்லாம் வீட்டுச் செலவுக்கு வந்த பணம்தான். அதனால் எட்டாவது கட்டத்தில் 'குடும்பச் செலவு' என்று இங்கிலீஷில் எழுதுவது எங்கள் செக்ஷன் பழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் எழுதினார். நான் அவரைவிடக் கெட்டிக்காரன். வேலையில்லாத மத்தியானங்களில் இருபது முப்பது படிவங்களை எடுத்து, எட்டாவது கட்டத்தை மட்டும் முன்னமே நிரப்பிக் கட்டி வைத்துவிடுவேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எங்கள் ஏஜெண்ட், அதாவது இன்று நீங்கள் மானேஜர் என்று சொல்பவர், "தாஸு ராத்த அச்சு மாதிரி" என்று தன் தெலுங்கு கலந்த தமிழில் சொல்லி, என் எழுத்தை வருகிறவர்களிடம் காட்டுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கன்னியம்மா கவுண்டருக்கு வெளியே நின்று சொன்னாள்: "கப்பலு டிக்கெட்டுக்கு அனுப்பிச்சிக்கீறாரு சாரு. நானும் பாப்பாவும் போறோம். பெர்மிட்டுக்குத் தேதி கீது."

காதில் விழவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நன்றாக விழுந்தது. பினாங்கு பாங்கின் கடிதத்திலும் 'மனைவி, மகள் கப்பல் பயணத்துக்காக' என்று டைப் அடித்திருந்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டு, கட்டி வைத்திருந்த படிவங்களில் மேலே இருந்ததை உருவி, பெயரையும் தொகையையும் எழுதி, அவள் பெருவிரலை மையில் தேய்த்து ரேகை வைக்கச் சொன்னேன். கடிதத்தை அதோடு சேர்த்துக் குண்டூசி குத்தினேன். எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

"எப்போ வரட்டும் சாரு?"

"மூணு வாரத்துல வாம்மா. வந்துடும்."

3. கர்னூல் வழியாக மெட்ராஸ்

ஆந்திர ராஜ்யம் பிரிந்த புதிது. சித்தூர் இந்தப் பக்கம் வந்துவிட்டது. எங்கள் பாங்கும் ராஜ்யத்துக்கு ஒரு கண்ட்ரோலிங் ஆபீஸ் என்று கர்னூலில் திறந்திருந்தது. இனி எந்தக் காகிதமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்று சர்க்குலர். காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மெட்ராஸ் போய்விடலாம். ஆனால் சித்தூரிலிருந்து மெட்ராஸுக்குப் போகும் காகிதம் எதிர்த்திசையில் கர்னூலுக்குப் போய், அங்கே ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு, திரும்ப வந்து எங்களைத் தாண்டிக்கொண்டு மெட்ராஸ் போகும். ஊரை வெட்டிப் பிரித்தவர்கள் ரயில் கைடைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான்காவது வாரம் பணம் வரவில்லை, மெட்ராஸிலிருந்து ஒரு கேள்வி வந்தது. 'கடிதத்தில் கப்பல் பயணம் என்றிருக்கிறது, படிவத்தில் குடும்பச் செலவு என்றிருக்கிறது. எது சரி? பயனாளியின் புதிய ரேகையோடு திருத்திய படிவம் அனுப்பவும்.' கேட்டது நியாயம்தான். கேட்டவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கார்டு போட்டு அவளை வரவழைத்தேன். இந்தத் தடவை எட்டாவது கட்டத்தில் அவள் எதிரிலேயே 'கப்பல் பயணம்' என்று எழுதினேன்.

"முன்னே இன்னா எழுதினீங்க சாரு?" என்று கேட்டாள்.

"குடும்பச் செலவுன்னு."

"நான் கப்பலுன்னுதானே சொன்னேன்?"

ரேகை வைக்க மைப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை. அந்தப் படிவமும் கர்னூல் வழியாகவே போனது.

தகரப் பெட்டியோடு அவள் வந்த அந்தக் காலையில்தான் எனக்குக் கொஞ்சம் சொரணை வந்தது. ஏஜெண்ட் அறைக்குப் போனேன். டிராஃப்ட் கலெக்ஷனில் இருக்கும்போதே, வரப்போகும் பணத்தின் பேரில் அன்றைக்கே முன்பணம் கொடுக்க ஏஜெண்டுக்கு அதிகாரம் உண்டு. வெல்ல மண்டிக்காரர்களின் வெளியூர் செக்குகளுக்கு அவர் தினமும் அப்படித்தான் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏமய்யா தாஸு, வெல்ல மண்டி செக்கு நாம எரிகின, தெரிஞ்ச செக்கு. இது சமுத்திரம் தாண்டி வந்த காகிதம். ஷூரிட்டி யாரு?"

"பணம் வர்றது நிச்சயம் சார். நம்ம படிவத்துலதான் தப்பு."

"நம்ம படிவமா? நீ ராசின, உன் கையால எழுதின படிவம். வேணும்னா நூவே ஷூரிட்டி பெட்டு."

நானே ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைவில்லை. ஆனால் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

"ஊர்ல கேட்டுப் பார்த்தியாம்மா?" என்று அவளிடம் கேட்டேன். என்ன கேள்வி அது!

"கடலு தாண்டிப் போறவளுக்கு யாரு சாரு கடன் தருவாங்க?"

பாங்கு மூடும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். மகள் பெட்டிமேல் படுத்துத் தூங்கிவிட்டாள். தபால் வந்தது, எங்களுக்கு ஒன்றும் இல்லை. பாவாடை கசங்கும் என்று மகளை எழுப்பி நிறுத்தி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். கப்பல் போய் ஒன்பதாம் நாள் அவள் கணக்கில் பணம் ஏறியது. காலணா குறையவில்லை.

4. பிறகு

அவள் புகார் எழுதவில்லை. எழுதத் தெரியாது. எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வந்து எழுதித் தரச் சொல்லியிருப்பாள். எனக்கு அந்த வருஷமே வேலை நிரந்தரமானது.

முனிரத்தினம் புது பெர்மிட்டுக்கு மனு மேல் மனு போட்டான், கிடைக்கவில்லை. அங்கே சட்டம் இறுகிவிட்டது என்றார்கள். அதன் பிறகு மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று சின்னச் சின்ன டிராஃப்ட் வர ஆரம்பித்தது. அப்படி வந்த முதல் டிராஃப்டோடு அவள் வந்தபோது நான் முன்னமே நிரப்பிய படிவம் ஒன்றுகூட செக்ஷனில் இல்லை. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டிருந்தேன். புதுப் படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, முறையாகக் கேட்டேன்.

"இந்தப் பணம் எதுக்கும்மா வந்திருக்கு?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"அன்னிக்கே நீங்க எழுதி வெச்சீங்களே சாரு, அதுக்குத்தான்."

எழுதினேன். பதினோரு வருஷம் எழுதினேன். அதற்குள் எல்லைத் தகராறு தீர்ந்தது, ராஜதானி கர்னூலிலிருந்து ஹைதராபாத் போனது, நான் ஹெட் கிளார்க் ஆனேன். மகள் கல்யாணத்துக்கும் அவன் வரவில்லை. அங்கே அவனுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டதாகக் கேள்வி. கடைசியில் டிராஃப்ட் வருவது அடியோடு நின்றுபோனது. அதன் பிறகும் இரண்டு மூன்று தடவை அவள் வந்து, ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பாடம் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் எதிரில் நிற்கிறவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதுங்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது உண்மை. அந்தச் செலவு முழுக்க கன்னியம்மாவுடையது.